படகும் உரிமையும்

மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் மீன்படகைப் பற்றிப் பேச வருவது உங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். என் ஊர் இராசபாளையம். ஊருக்கு மேற்கே முடங்கியார் சாலை வழியே சென்றால், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து, மலை தொடங்கும் இடத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. கோவிலை ஒட்டிப் பாறைகளுக்கிடையே ஆறு இறங்கி வருகிறது. மழைக்காலத்தில் அதனைக் கடப்பது அரிது; கோடையிலோ கல்லுக்குக் கல் தாண்டியே அக்கரை சேரலாம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மாதம் ஒரு முறையேனும் அங்கே போய்வருவது என் வழக்கம்.

அவ்வாறு சென்ற ஒரு நாள், சிறுவர் இருவர் காய்ந்த மரப்பட்டை ஒன்றை நீரில் மிதக்கவிட்டு, நூல் கட்டி இழுத்துக்கொண்டிருந்தனர். சற்று நேரத்தில் அவர்களுக்குள் வழக்கு மூண்டது. பட்டையைக் கண்டெடுத்தவன் ஒருவன். நூலைக் கொண்டுவந்தவன் மற்றவன். படகு யாருடையது? நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கிடையே நடுவராக இருந்த பழக்கத்தால் என்னையே தீர்ப்புச் சொல்லக் கேட்டனர். உண்மையில் அந்தப் பட்டை இருவருடையதும் அன்று. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காட்டில் கிடக்கும் பட்டையும் சருகும் அரசின் உடைமை. அந்த மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. இதனைச் சொன்னால் விளையாட்டுக் கெட்டுவிடுமென்று வாய் திறவாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடனேயே ஊருக்கு வந்தது. ஏனெனில், பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் பாக் நீரிணைக் கரையிலுள்ள ஒரு மீனவ ஊரில் ஆசிரியனாக இருந்தவன். அங்கே இதே கேள்வி விளையாட்டாக இராது.

மலைக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் அடிவாரத்து ஓடைகள் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. வைப்பாறு தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீர் மட்டுமன்று, மரமும் மலையிலிருந்துதான் கடலுக்குப் போயிற்று. கட்டுமரத்துக்கு எடை குறைந்த, மிதக்கும் தன்மை மிக்க மரம் வேண்டும். மலைவேம்பு, பெருமரம், அல்பிசியா போன்றவை அவ்வினத்தவை. கடற்கரை மணலில் அவை வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில், பெரும்பாலும் கேரளப் பக்கத்தில் வெட்டப்பட்டு, கிழக்குக் கரையின் குப்பங்களுக்கு வந்து சேர்ந்தன. வள்ளத்துக்கான அயினிப் பலகையும் அவ்வழியே வந்தது. ஆதலின், கடலில் இறங்காத எங்களூர் மக்களும் பிறர் அறியாமலே படகுத் தொழிலின் ஓரத்தில் இருந்திருக்கிறோம். 1968ஆம் ஆண்டில் வெட்டுமரம் கொண்டுசெல்லும் விதிகள் வந்த பின், அட்டவணை மரங்களுக்கு வனத்துறையின் வழிச்சீட்டு வேண்டியதாயிற்று. படகுக்குப் பதிவு என்னும் பேச்சு எழுமுன்பே, படகாகப்போகும் மரத்துக்குச் சீட்டு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டப்பட்ட மரங்களே. மூன்று முதல் ஏழு வரையான மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்து, கயிற்றால் பிணைப்பார்கள். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் சுமந்து மேட்டில் போட்டு உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும், மறுநாள் மிதக்க மறுக்கும். சோழமண்டலக் கரையில் இதனைக் கண்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் இதனைக் குறித்திருக்கிறார். நம் தமிழ்ச் சொல்லே உருமாறி ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. இன்று அச்சொல்லால் மேனாட்டார் குறிப்பது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகை! சொல் கடல் கடந்தது. பொருள் வழியில் விழுந்துவிட்டது. சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அறிஞர் இந்தியப் படகுகளின் தோற்றத்தைப் பற்றி 1920இல் ஓர் ஆய்வே எழுதி வெளியிட்டார்.

இத்தகைய கலத்துக்கு உரிமைப் பத்திரம் எதற்கு? இன்னார் மரம் எதுவென்று குப்பம் முழுவதும் அறியும். மரத்தின் வளைவும், செதுக்கிய உளியின் தடமும், கயிறு அறுத்த பள்ளமுமே அதன் பத்திரங்கள். உடையவனே தொழில் செய்பவன். வலைக்குச் சொந்தக்காரன் வேறொருவனாயின் வலைக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீனைக் கூறு போட்டுவிடுவார்கள். சச்சரவு வந்தால் ஊர்க் கூட்டம். ஊரின் நினைவே பதிவேடு.

இங்கே மாணாக்கர்கள் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். எங்கள் பக்கத்தில் கண்மாய் உண்டு. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுவார்கள். ஏலம் எடுத்தவனுக்கே மீன் சொந்தம். கரை இருக்கிறது, மடை இருக்கிறது, காவல் போடலாம். ஆகவே அங்கே சட்டம் நீரையும் மீனையும் பிடித்துக்கொள்கிறது. கடலுக்கோ கரை ஒரு பக்கம் மட்டுமே. நீந்தும் மீனுக்கு உரிமையாளன் இல்லை. பிடித்தவன் கைக்கு வந்த பிறகே அது ஒருவன் உடைமை. வேலியிட முடியாத இடத்தில் ஆட்சி செய்ய விரும்பும் எந்த அரசும் என்ன செய்யும்? கையில் அகப்படும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கடலில் அவ்வாறு அகப்படுவது படகு ஒன்றுதான். கடலைப் பற்றிய சட்டங்களின் வரலாற்றை நான் படித்த அளவில், அது பெரும்பாலும் படகைப் பிடித்த வரலாறாகவே தெரிகிறது.

பழங்கால மன்னர்களும் அவ்வாறே செய்தனர். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்னும் பழைய துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் கி.பி. 1244-45இல் நாட்டிய அபய சாசனம் ஒன்று உண்டு. புயலில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கும் கலங்களிலுள்ள பொருள்களை முன்னைய அரசர்கள் தமதாக எடுத்துக்கொண்டனர் என்றும், தான் அவ்வாறு செய்யாது குறித்த தீர்வை மட்டுமே பெற்றுக் கடல் வணிகரைக் காப்பதாகவும் அவன் அதில் கூறுகிறான். கலம் உடைந்தவனிடம் எஞ்சியதையும் பறிப்பது அக்காலத்தில் அரச உரிமையாக இருந்தது என்பதற்கு அந்தக் கல்லே சான்று. எங்கள் ஊர் இராசுக்களின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அதனால்தானோ என்னவோ அந்தக் கல்லின்மீது எனக்கு ஒரு பற்று.

நம் மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பிலும் படகே கணக்கின் அலகு. ஒவ்வொரு தோணிக்கும் இத்தனை ‘கல்’ என்று வகுத்திருந்தனர். கல் என்பது மூழ்குபவன் விரைவாக அடியில் இறங்கப் பயன்படுத்தும் பாரக்கல். மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரி நீங்கிய கற்கள் சில உண்டு. 1530களில் போர்ச்சுகீசியர் வந்தபோதும், 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபோதும் ஆண்டவர் மாறினரேயன்றித் தோணியை எண்ணும் முறை மாறவில்லை.

மீன்பிடி கலம் மட்டும் நெடுங்காலம் இந்தக் கணக்குகளுக்கு வெளியே கிடந்தது. ஏழையின் கலத்தை எண்ணுவதில் யாருக்கு என்ன வருவாய்? 1907இல் சென்னை அரசு மீன்வளத்துக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதனை உருவாக்கியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்துக்கு இந்நாட்டில் வித்திட்டவரும் அவரே. அவருக்குப் பின்னும் அரை நூற்றாண்டு வரை கட்டுமரமும் வள்ளமும் வத்தையும் பாய் விரித்தும் துடுப்புப் போட்டும் போய்வந்தன.

மாற்றம் என்ஜினோடு வந்தது. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகுகள் தோன்றின. தமிழ்நாட்டிலும் அரசு மானியத்துடன் விசைப்படகுகளைத் தவணை முறையில் வழங்கியது. 1960களில் அயல்நாடுகளில் இறாலுக்கு விலை ஏறவே, கடலடியைத் தடவிச் செல்லும் இழுவை மடி பரவிற்று. படகின் விலை உயர்ந்தது, கடன் வந்தது, கடனுக்கு ஈடாக எழுத்து வந்தது. கடலுக்கே போகாத சம்மாட்டி ஒருவர் கரையிலிருந்து படகை நடத்தலாம் என்னும் நிலையும் வந்தது. உடைமையும் உழைப்பும் முதன்முறையாக வேறு வேறு ஆட்களிடம் பிரிந்தன. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ. சிதம்பரனார், வாடகைக்கு எடுத்த கப்பலைச் சொந்தக்காரர் ஆங்கிலக் கம்பெனியின் அழுத்தத்துக்கு அஞ்சித் திரும்பப் பெற்றுக்கொண்டபோதுதான், கலம் நம் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று துணிந்து காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கச் செய்தார். கலத்தின் மீதுள்ள பெயர் எவ்வளவு பெரிய செய்தி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விசைப்படகுகள் கரையோரத்திலேயே இழுவை மடி போட்டன. கட்டுமரக்காரரின் வலைகள் அறுபட்டன. 1970களில் நம் கரையெங்கும் மோதல்கள் நிகழ்ந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. இதன் விளைவாகவே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன் பிடிக்கலாகாது என்று அது வகுத்தது. காலை ஐந்து மணிக்குப் பிறகே புறப்பட வேண்டும், இரவு ஒன்பதுக்குள் தங்கும் துறைக்குத் திரும்ப வேண்டும் என்றும் அப்போது கூறிற்று. அனைத்துக்கும் அடிப்படையாக ஒன்று: ஒவ்வொரு படகும் பதியப்பட வேண்டும், உரிமம் பெற வேண்டும், எண் எழுதப்பட வேண்டும். விதி மீறினால் அதிகாரி படகைத் தடுத்து வைக்கலாம். கடலில் வேலி போட முடியாத அரசு, படகின் நெற்றியில் எண்ணைப் போட்டது.

நான் அந்தக் கரைக்கு ஆசிரியனாகப் போனது 1984இல். மலையூர்க்காரனான எனக்கு முதல் மூன்று மாதம் மீன் நாற்றமும் உப்புக் காற்றும் தூக்கத்தைக் கெடுத்தன. அவ்வாண்டில் என் வகுப்பில் பையன் ஒருவன் இருந்தான். படிப்பில் நடுத்தரம், கையெழுத்தோ அச்சுப் போன்றது. படகுகளில் எண் எழுத வேண்டிய காலமாதலால், ஊரார் அவனை அழைத்துப் போய்விடுவார்கள். பள்ளிக்கு வராத நாள்களுக்கு அவன் கொண்டுவரும் விடுப்புக் கடிதத்தில் சிவப்பு வண்ணம் ஒட்டியிருக்கும். நான் கண்டிப்பேன். “சார், நம்பர் இல்லாட்டிப் படகைப் புடிச்சுருவாங்களாம் சார்” என்பான். அதற்கு மேல் என்ன சொல்வது?

அப்பையனின் தந்தையே அந்த ஊரின் சிறு சம்மாட்டிகளில் ஒருவர். முப்பத்தாறு அடி மரப்படகு. பாதி கடன், பாதி மனைவியின் நகை. 1986ஆம் ஆண்டு ஆனி மாதம் விடுமுறை நாள் ஒன்றில் அவருடன் நானும் கடலுக்குப் போனேன். மீன்பிடி படகில் என்னைப் போன்றவன் ஏறுவது முறையன்று. அந்தக் குற்றத்தை இத்தனை ஆண்டு கழித்து வானொலியில் ஒப்புக்கொள்கிறேன். நண்பகலில் என்ஜினுக்குக் குளிர்நீர் ஏற்றும் பம்பு நின்றது. என்ஜின் கொதித்து அடங்கிவிட்டது. சோழகக் காற்று எழுந்து, படகு குறுக்கே திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டிற்று. படகில் வயர்லெஸ் கிடையாது. துணியை மூங்கிலில் கட்டி ஆட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒரு படகு கண்ணில் பட்டது. அதன் எண்ணைப் படித்ததும் நம்மவர்கள் முகம் சுருங்கிற்று. அது பக்கத்து ஊர்ப் படகு. அதற்கு முந்திய மாதந்தான் வலை அறுந்த விவகாரத்தில் இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

அவர்கள் ஒன்றும் பேசவில்லை. தம் மடியைப் பாதியில் சுருட்டி ஏற்றினார்கள். காற்றுக்கு மேல்புறமாக வந்து, சிறு கயிற்றை வீசி, அதன் நுனியில் பெரிய வடத்தை அனுப்பினார்கள். அன்று நான் கற்றவை எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. வடம் குறுகியதாயிருந்தால் முன்படகு அலையின் முகட்டிலும் பின்படகு பள்ளத்திலும் நின்று வெட்டி இழுக்கும். கயிறு அறும், அல்லது கட்டிய தூண் பெயரும். ஆதலால் இரண்டு படகும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்படி நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். நீண்ட வடம் தன் கனத்தால் நீரில் தொய்ந்து நிற்பதும் நல்லது. திடீர் இழுப்பை அத்தொய்வு வாங்கிக்கொள்கிறது. இழுபடும் படகின் அணியத்தில் சுமை இருக்கலாகாது. ஐஸ் பெட்டியையும் மீனையும் அமரத்துக்கு மாற்றினார்கள். சுக்கானை ஒருவர் விடாது பிடித்திருந்தார். இல்லையேல் இழுபடும் படகு இருபுறமும் அலைந்து இழுப்பவனையும் கவிழ்த்துவிடும். வேகம் மிகக் குறைவு. புதுமை பார்க்கும் ஆவலில் அணியத்தில் போய் நின்ற என்னைச் சம்மாட்டி கையைப் பிடித்து அப்பால் தள்ளினார். “சார், வடத்துக்கு நேரா நிக்காதீங்க. அறுந்துச்சுன்னா காலை வாங்கிட்டுப் போயிரும்” என்றார். இறுகிய கயிறு அறும்போது திரும்பி அடிக்கும் அடி துப்பாக்கிக் குண்டுக்கு இளைத்ததன்று.

கரை சேர்கையில் இருட்டிவிட்டது. சம்மாட்டி தம் படகிலிருந்து இறங்கி மார்பளவு நீரில் நடந்து அந்தப் படகண்டை சென்றார். “அண்ணே, என்ன தரணும்?” என்று கேட்டார். அந்த டிரைவர், “டீசலை ஊத்திக் குடுங்க. ஆளுக்கு என்ன விலை போடுறது?” என்றார். இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியவர்கள், டீசல் நாற்பது லிட்டரா முப்பது லிட்டரா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். முப்பத்தைந்தில் முடிந்தது. விட்டுவந்த மடிக்கு ஈடாக எங்கள் மீனில் பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறுந்த வலையின் வழக்கு அன்று பேசப்படவில்லை. அது அடுத்த வாரம் பழையபடி தொடங்கிற்று.

பின்னாளில் சட்ட நூல்களைப் புரட்டியபோது, அந்த ஈரக் கரையில் கேட்டது உலகச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று கண்டு வியந்தேன். படகை இழுத்துவருவதில் இரண்டு வகை உண்டு. ஆபத்தில்லாத வேளையில் கூலி பேசி இழுப்பது ஒன்று. அது வெறும் ஒப்பந்தம், பேசிய தொகைக்கு மேல் கேட்க இயலாது. ஆபத்தில் சிக்கிய கலத்தை, கடமையென்று கட்டுப்படாத ஒருவர் தாமே முன்வந்து காப்பது மற்றொன்று. அது கடல் மீட்பு. மீட்பில் காப்பாற்றிய பொருளின் மதிப்பையும், பட்ட இடரையும், செலவையும் கருதி நீதிமன்றம் வெகுமதி விதிக்கும். காப்பாற்ற முடியாமற் போனால் பொதுவாக வெகுமதி இல்லை. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும் மீட்புக்கு உரிய தொகை பற்றிய பிரிவு இருந்தது. 2025இல் நாடாளுமன்றம் அச்சட்டத்துக்கு மாற்றாகப் புதியதொன்றை இயற்றியது. 1989ஆம் ஆண்டின் அனைத்துலக மீட்பு உடன்படிக்கையில் இந்தியா 1995இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை, கடலில் அழியும் நிலையிலுள்ள எவருக்கும் உதவுவது ஒவ்வொரு கலத் தலைவனின் கடமை என்கிறது. உயிர் பிழைத்தவரிடம் அந்த உயிருக்காகக் கூலி கேட்பதற்கில்லை என்றும் சொல்கிறது. ஆளுக்கு விலை போடாத அந்த டிரைவர் இதனைப் படித்தவர் அல்லர்.

இன்று கடலில் இடர் வந்தால் 1554 என்னும் எண்ணுக்குக் கடலோரக் காவல் படையை அழைக்கலாம். 1977இல் தொடங்கிய அப்படை முதலில் கருதுவது உயிரை, படகு அடுத்ததே. அது சரியுங்கூட. ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு படகை விட்டுவர நேர்ந்த மீனவன், கரையில் இறங்கும்போது கடன்காரனாகவே இறங்குகிறான்.

சட்டத்துக்குக் கலத்தைப் பற்றி இன்னொரு பழைய கொள்கையும் உண்டு. கப்பல் கடன்பட்டால், அல்லது பிறருக்குக் கேடு செய்தால், அதன் சொந்தக்காரரைத் தேடி அலையாமல், கப்பலையே பிரதிவாதியாக்கி, அதனையே கைது செய்யலாம். ஆங்கிலேயர் காலத்து 1840, 1861ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றமும் இவ்வதிகாரம் பெற்றிருந்தது. 2017இல் நம் நாடே அதற்குப் புதுச் சட்டம் செய்துகொண்டது. பேசாத மரமும் இரும்பும் குற்றவாளிக் கூண்டில் ஏறும் விந்தை இது. சொந்தக்காரன் எங்கோ இருக்கிறான், கலம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதே இதன் காரணம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, ஆயிரக்கணக்கான கலங்கள் ஒரு காலை வேளையில் இல்லாமற் போயின. நிவாரணம் என்றதும், யாருடைய கலம் என்ற கேள்வி முன் வந்தது. உளித்தடமும் கயிற்றுப் பள்ளமும் கடலோடு போயின. காகிதம் உள்ளவரின் நிலை வேறு, இல்லாதவரின் நிலை வேறு. அதன் பின் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகு பிடித்துக்கொண்டது. 2008 நவம்பரில் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்னும் மீன்படகைக் கடத்தி, அதன் தொழிலாளரைக் கொன்று, பயங்கரவாதிகள் மும்பையில் இறங்கினார்கள். அதன் விளைவாக நாடெங்கும் படகுகளின் பதிவு கணினிக்கு மாறிற்று. மீனவருக்கு அடையாள அட்டை வந்தது. படகுகளுக்கு நிறம் குறிக்கப்பட்டது. மும்பையில் நிகழ்ந்த கொடுமைக்குக் குமரி வரை படகுகள் வண்ணம் மாற்றிக்கொண்டன. மானிய டீசலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தின் உதவிகளும் பதிவையும் அட்டையையும் கேட்டே வருகின்றன. அந்தத் தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளாயிற்று.

இனி நான் பணியாற்றிய கடலுக்கே வருகிறேன். பாக் நீரிணை குறுகியது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அதில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லைக்கோடு வரையப்பட்டது. கச்சத்தீவு அப்பக்கம் போயிற்று. 1976 உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோட்டை நீட்டியது. சில இடங்களில் நம் கரையிலிருந்து அக்கோடு பன்னிரண்டு கடல் மைலுக்கும் குறைவு. கரையோரம் மூன்று மைலைச் சட்டம் விலக்கிவிட, மீதியில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் இழுவை மடி போடுகின்றன. நாட்டுப்படகுக்கு நான்கு நாள், விசைப்படகுக்கு மூன்று நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொண்டும் இடம் போதவில்லை. கோட்டுக்கு அப்பால் போகிறார்கள். அப்பாலும் இருப்பவர்கள் தமிழ் பேசும் மீனவர்களே. முப்பதாண்டுப் போரில் கடலுக்குப் போக முடியாதிருந்து மீண்டவர்கள். நம் இழுவை மடியால் தம் வலை அறுகிறது என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 1970களில் நம் கட்டுமரக்காரர் விசைப்படகைப் பார்த்துச் சொன்ன அதே சொற்களை இப்போது யாழ்ப்பாணக் கரை சொல்கிறது. இதனை நம்மவர் கேட்க விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அங்கும் சட்டம் கடலைப் பிடிக்கவில்லை, படகைப் பிடித்தது. இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடை செய்தது. 2018இல் அயல்நாட்டுப் படகுகள் பற்றிய தன் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்துக்கேற்பப் பெருந்தொகை அபராதம் விதித்தது. பிடிபட்ட படகைக் கடற்படையார் காங்கேசன்துறைக்கோ தலைமன்னாருக்கோ கொண்டுபோய் விடுவார்கள். ஆள்கள் பல வேளைகளில் விடுதலையாகித் திரும்புகிறார்கள். படகு திரும்புவதில்லை. அதனை மீட்க வேண்டுமானால் பதிவேட்டில் பெயருள்ள உரிமையாளர் ஆவணங்களோடு அந்நாட்டு நீதிமன்றத்தில் நேரில் தோன்ற வேண்டும்; தவறினால் படகு அரசுடைமை. வாய்ச்சொல்லில் படகை வாங்கி, பெயர் மாற்றாமல் விட்டவன் அங்கே என்ன சொல்வான்? படகு அவனுடையது என்று ஊர் முழுவதும் அறியும். ஊர்காவற்றுறை நீதிமன்றம் அறியாது.

2022 பிப்ரவரியில் அவ்வாறு பிடிபட்டுக் கிடந்த 105 இந்தியப் படகுகளை ஐந்து இடங்களில் ஏலம் விட அந்நாட்டு மீன்வளத் துறை அறிவித்தது. மீட்க இயலாதபடி சிதைந்த 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 இலட்சமும், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை இலட்சமும் தமிழ்நாட்டு அரசு நிவாரணம் தந்தது. ஒரு விசைப்படகின் விலையோ பல மடங்கு. மணல் ஏறி, பலகை விரிந்து, என்ஜின் துருவேறி, அணியம் மட்டும் வானைப் பார்த்துக் கிடக்கும் படகுகளின் படம் அந்நாளில் செய்தித்தாள்களில் வந்தது.

இராசபாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். ஆசிரியனுக்குத் தன் மாணாக்கனின் கையெழுத்து எங்கே கிடந்தாலும் தெரிந்துவிடும் என்பார்கள். இத்தனை ஆண்டில் எந்தப் படகும் பலமுறை வண்ணம் மாறியிருக்கும். அந்தப் பையனின் எழுத்து அதில் இருக்க வழியில்லை என்று தெரிந்தே தேடினேன். எல்லாப் படகிலும் ‘இந்தியா’, ‘தமிழ்நாடு’ என்பவற்றுக்கான எழுத்துகள் வரை படிக்க முடிந்தது. அவற்றை அடுத்து எண் இருந்த இடத்தில் வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது.